தோண்டைக்கின் பூனையும் யானும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, விடுதி வாழ்க்கையைப் பற்றியோ, துடுப்பாட்டப் போட்டிகளைப் பற்றியோ, எம்மை ஆளாக்கிய ஆசிரியப் பெருமக்களைப் பற்றியோ எழுதலாம் என்றே முதலில் எண்ணினேன். அவற்றை என்னினும் நன்றாக எழுத வல்லார் பலர் உளர். ஆதலின், யான் செய்த பிழை ஒன்றையும், அப்பிழைக்கு வேராயிருந்த மனித இயல்பு ஒன்றையும் பற்றி எழுதத் துணிந்தேன். அப்பிழை இக்கல்லூரியில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து கற்ற நண்பர் ஒருவருக்கு இழைக்கப்பட்டது. அதனைச் சொல்லுதற்குரிய இடமும் இம்மலரே என எனக்குத் தோன்றுகின்றது.

யான் 1962 ஆம் ஆண்டில் ஆறாம் வகுப்பிற் சேர்ந்து 1970 இல் கல்லூரியை விட்டு நீங்கினேன். பின்னர் ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்று, விஞ்ஞான ஆசிரியனாய் முப்பத்தேழு ஆண்டுகள் கடமையாற்றி 2011 இல் இளைப்பாறினேன். பயிற்சிக் காலத்திற் கல்வி உளவியல் எமக்கு ஒரு பாடம். அதனைத் தொடங்கியவுடன் எம்மெதிரே வந்து நின்றது தோண்டைக்கின் பூனை. 1898 இல் எட்வேட் தோண்டைக் என்னும் அமெரிக்க அறிஞர், பசித்த பூனைகளை மரச்சட்டக் கூடுகளில் அடைத்து வெளியே உணவை வைத்தார். பூனை பிறாண்டும், கடிக்கும், சட்டங்களினூடே நுழைய முயலும். அங்ஙனம் முயலும்போது தற்செயலாக ஒரு கயிற்றை இழுக்க, அல்லது ஒரு மிதியை அழுத்தக் கதவு திறந்துகொள்ளும். மறுமுறையும் அதற்கடுத்த முறையும் அடைக்கப்பட்டபோது, வீண் முயற்சிகள் சிறிது சிறிதாகக் குறைந்தன. முடிவில், அடைத்தவுடன் கயிற்றை இழுக்கும் பூனை உருவாயிற்று. பூனை சிந்தித்துத் தெளிந்ததன்று. நற்பயன் அளித்த செயல் அதனிடம் வேரூன்றியது, அவ்வளவே. இதற்கு விளைவு விதி என்பது பெயர். அவ்விதியை மனனஞ் செய்து பரீட்சையில் எழுதினேன். நல்ல புள்ளிகளும் பெற்றேன். ஆனால் கூட்டில் அடைபட்ட பூனையாக யானே ஒருநாள் இருப்பேன் என்று அன்று நினைத்தேனல்லேன்.

இளைப்பாறிய மறு ஆண்டு, ரொறன்ரோவிலிருந்து விடுமுறையில் வந்த என் மகள், எனக்கு ஒரு கைத்தொலைபேசியைத் தந்து முகநூலிற் கணக்கு ஒன்றையுந் திறந்து வைத்தாள். "அப்பா, சும்மா இருக்கிற நேரம் பாருங்கோ" என்று சொல்லிப் போனாள். என்னிடம் 1968 ஆம் ஆண்டிற் கல்லூரி மண்டப வாயிலில் எடுத்த வகுப்புப் படம் ஒன்று இருந்தது. முப்பத்தொரு மாணவர், நடுவே வகுப்பாசிரியர். அதனை ஒருநாள் மாலை பதிவிட்டேன். மறுநாட் காலை தேநீரோடு தொலைபேசியை எடுத்துப் பார்த்தால் நூற்றறுபத்து மூன்று விருப்பக்குறிகள்! மெல்பேணிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பழைய நண்பர்கள் எழுதியிருந்தனர். 1983 இன் பின் எங்குளன் என்றே அறியாதிருந்த ஒருவன், "இரண்டாம் வரிசையில் இடமிருந்து நாலாவது நான்தான்" என்று எழுதியிருந்தான். அதனைப் படித்தபோது என் கண்கள் கலங்கின. முகநூல் எனக்குச் செய்த நன்மையை யான் மறைக்கமாட்டேன். போரும் இடப்பெயர்வும் சிதறடித்த ஒரு வகுப்பை அப்படம் மீண்டும் ஒன்றாய் இருத்தியது.

ஆயினும், அன்று முதல் வேறொன்றும் நிகழ்ந்தது. அடுத்த வாரம் இன்னொரு படம் பதிவிட்டேன், குறிகள் குறைவு. அதற்கடுத்து ஆசிரியர் ஒருவரைப் பற்றிய நினைவு, குறிகள் மிகுதி. சில நாள் ஒன்றுமேயில்லை. சில நாள் எதிர்பாரா வெள்ளம். எதனாற் கூடுகின்றது, எதனாற் குறைகின்றது என்பது விளங்கவில்லை. விளங்காமையே என்னைப் பிணித்தது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

அமெரிக்க உளவியலறிஞர் ஸ்கின்னர் இதனை முன்னரே ஆராய்ந்தவர். நெம்பை அழுத்தும் எலிக்கு ஒவ்வொரு முறையும் அவர் உணவுருண்டை கொடுத்துவந்தார். அவ்வுருண்டைகளை அவரே செய்தல் வேண்டும். ஒரு சனிக்கிழமை கையிருப்புக் குறைந்துவிட்டமையால், ஒவ்வொரு முறையும் கொடாது இடையிடையே கொடுத்துப் பார்த்தார். எலி அழுத்துதலை நிறுத்தவில்லை. இத்துறை வளர்ந்து, 1957 இல் அவரும் பேஸ்ரர் என்பவரும் சேர்ந்து ஒரு பெருநூலை வெளியிட்டனர். எத்தனையாவது கொத்துக்கு மணி விழும் என்று தெரியாத புறா, ஓய்வின்றி விரைந்து கொத்துகின்றது. மணி விழுவது நின்ற பின்பும் நெடுநேரம் கொத்திக்கொண்டேயிருக்கின்றது. சூதாடுவானின் நிலையும் இதுவே. 2009 ஆம் ஆண்டு பெப்ரவரியில் முகநூலிற் சேர்க்கப்பட்ட, பெருவிரலை உயர்த்திய அச்சிறு குறி, பல கோடி மக்களுக்கு எப்போது விழும் என்று அறியமுடியாத மணியாயிற்று.

மூளையினுள்ளே நிகழ்வதையும் அறிஞர் ஓரளவு கண்டுள்ளனர். வொல்பிராம் ஷூல்ற்ஸ் என்பார் குரங்குகளின் மூளையில் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கும் கலங்களை அளந்தார். எதிர்பாராது பழச்சாறு கிடைத்தபோது அக்கலங்கள் கிளர்ந்தன. சாறு வரும் என்பதை முன்னறிவிக்கும் ஒளியைக் குரங்கு அறிந்துகொண்டபின், அவை ஒளிக்கே கிளர்ந்தன, சாற்றுக்குக் கிளரவில்லை. ஒளி தோன்றியும் சாறு வாராதபோது, வரவேண்டிய நேரத்தில் அவற்றின் இயக்கம் தாழ்ந்தது. அவரும் இருவரும் 1997 இல் வெளியிட்ட கட்டுரை, இக்கலங்கள் குறிப்பது இன்பத்தையன்று, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டை என விளக்கிற்று. இதனைப் படித்தபோது என் நிலை எனக்குப் புலனாயிற்று. முதல் நாளின் நூற்றறுபத்து மூன்று பேருவகை தந்தது. ஈராண்டு சென்றபின் அதே எண் வெறும் வழமை. தொண்ணூறு வந்தாலோ அன்று முழுதும் மனவாட்டம். உண்மையில் தொண்ணூறு பேர் தம் வேலையை விட்டு என்னை நினைத்திருந்தனர். அது எனக்குக் குறையாகத் தோன்றிற்று.

என் ஒருவனது பலவீனம் இது என்று முன்பு கருதியிருந்தேன். 2021 இல் லின்ட்ஸ்ட்ரோம் என்பாரும் அவர்தம் குழுவினரும் நாலாயிரத்துக்கு மேற்பட்டோரின் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகளை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு என்னைத் தேற்றியது, நாணவும் செய்தது. குறிகள் செறிந்து கிடைக்குங்காற் பதிவுகளின் இடைவெளி சுருங்குகின்றது, அருகுங்கால் நீள்கின்றது. ஸ்கின்னரின் பெட்டியில் எலி உணவுக்கேற்பத் தன் முயற்சியைக் கூட்டியும் குறைத்தும் செய்வதை ஒத்த கணக்கே இங்கும் பொருந்திற்று. யானும் என் பழைய பதிவுகளின் திகதிகளை ஒரு கொப்பியில் எழுதிப் பார்த்தேன். 2012 இல் வாரத்துக்கு ஒன்று. 2015 இல் மூன்று நாளுக்கு ஒன்று. 2017 இல் நாளுக்கு இரண்டு. எவரும் என்னைக் கேட்கவில்லை, யானும் தீர்மானித்தேனல்லேன்.

இவ்விடத்தில் இன்னொரு வேறுபாட்டைக் கூறல் வேண்டும். பரிசிலுக்காகச் செய்வது ஒரு படி. பரிசில் இல்லாமலே செய்வது அதற்கு அடுத்த படி. முன்னையது கற்றல், பின்னையது பழக்கம். 2018 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்களுக்கெதிரான வன்செயல்கள் நிகழ்ந்தபோது, அரசு முகநூல், வட்ஸ்அப் முதலியவற்றைச் சில நாட்கள் தடைசெய்தது. தொலைபேசியில் ஒன்றும் திறவாது என்பதை யான் நன்கு அறிவேன். வானொலியிற் கேட்டும் இருந்தேன். எனினும், காலையிற் தேநீர்க் கோப்பையை வைத்தவுடன் என் பெருவிரல் தானாகவே சென்று அந்நீலக் கட்டத்தைத் தொட்டது. வெறுந்திரையைக் கண்டு கீழே வைப்பேன். ஐந்து நிமிடத்தில் மீண்டும் தொடுவேன். என் மனையாள் இதனைப் பார்த்து, "பூட்டின கடையிலை என்னத்தைத் தட்டுறியள்?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் விடையில்லை.

விடையை ஒரு சோளப்பொரிக் கதையிற் கண்டேன். வென்டி வூட் என்னும் பேராசிரியையும் உடனாய்வாளரும் 2011 இல் வெளியிட்ட ஆய்வு அது. படமாளிகைக்கு வந்தோருட் சிலருக்குப் புதிய பொரியும் சிலருக்கு ஏழு நாட் பழைய பொரியும் கொடுக்கப்பட்டன. படம் பார்க்கும்போது பொரி தின்னும் வழக்கம் உறுதியாயிருந்தோர், சுவையற்றது என்று தாமே கூறிய பழைய பொரியையும் புதியதைப் போன்றே தின்று தீர்த்தனர். ஆனால் வழக்கமற்ற கையினால் உண்ணச் செய்தபோது, அவர்களும் பழையதைக் குறைவாகவே தின்றனர். இடமும் நேரமும் கையும் சேர்ந்து செயலைத் தூண்டுகின்றன. சுவை அங்கே கேட்கப்படுவதில்லை. வூட் அவர்களும் பிறரும் சமூக ஊடகத்திலும் இதனையே கண்டனர். எப்போதாவது பதிவிடுவோரைக் குறிகள் ஊக்குகின்றன; ஓயாது பதிவிடுவோரோ, குறிகள் வந்தாலும் வராவிட்டாலும் பதிவிடுகின்றனர். யான் அந்நாளிற் பழைய பொரி தின்னும் நிலையை எய்தியிருந்தேன்.

இனி என் பிழையைச் சொல்லுகின்றேன்.

காலப்போக்கில் ஒன்றைக் கண்டிருந்தேன். இனிய நினைவுகளை எழுதினால் நூறு பேர் வருவர். எவரையேனும் கண்டித்து எழுதினால் முந்நூறு பேர் வருவர். யான் இயல்பில் சினத்தவன் அல்லேன் என்பதை என் மாணாக்கர் அறிவர். ஆயினும் என் எழுத்திற் சினம் ஏறிக்கொண்டே வந்தது. அந்நாளில் ருவிற்றர் எனப்பட்ட தளத்தில் 7,331 பேரின் ஏறத்தாழ 1 கோடியே 27 இலட்சம் பதிவுகளை யேல் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2021 இல் வெளியிட்டுள்ளனர். அறச்சினத்தைக் காட்டிய பதிவுக்குப் பாராட்டு மிகுந்தால், அவர் பின்னரும் அறச்சினத்தை மிகுதியாகக் காட்டுகின்றார் என்பது அவர்கள் கண்டது. அஃதாவது, எமது சினத்தையும் பிறர் எமக்குக் கற்பிக்கின்றனர். யாம் அதனை எமது நேர்மை என்று எண்ணிக்கொள்ளுகின்றோம்.

2020 ஆம் ஆண்டில், கொரோனா ஊரடங்கு நாட்களில் ஓரிரவு, வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. எமது ஊர் வாசிகசாலையின் கூரையைத் திருத்துதற்கு வெளிநாட்டு அன்பர்கள் அனுப்பிய பணம் எங்கே போயிற்று, கூரை இன்னும் திறந்தே கிடக்கின்றதே என்பது செய்தி. வாசிகசாலைப் பொருளாளர் வேறு யாருமல்லர். 1968 ஆம் ஆண்டுப் படத்தில் என் தோளிற் கை போட்டு நிற்கும் நண்பரே. யான் செய்திருக்க வேண்டியது யாது? நாலு வீடு தள்ளி இருக்கும் அவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டிருக்கலாம். யான் செய்தது, பத்து நிமிடத்திற் பொதுப்பணத்தின் தூய்மையைப் பற்றி ஒரு கண்டனம் எழுதியதே. பெயரைக் குறிப்பிடவில்லை, பதவியைக் குறிப்பிட்டேன். அறிய வேண்டியோர் எல்லாரும் அறிந்தனர். நானூற்றுப் பன்னிரண்டு குறிகள் விழுந்தன. தொண்ணூறு பேர் அதனைப் பகிர்ந்தனர். அன்றிரவு யான் மகிழ்ச்சியோடு உறங்கினேன் என்பதை எழுதவே கை கூசுகின்றது.

ஊரடங்கு தளர்ந்தபின் வாசிகசாலைக் கணக்குப் பொதுக்கூட்டத்தில் வைக்கப்பட்டது. மரமும் ஓடும் வாங்கிய பற்றுச்சீட்டுக்கள் சதந் தவறாது இருந்தன. ஊரடங்கினால் தச்சர் வரமுடியாது போயிற்று; மரங்கள் நண்பரின் வீட்டு விறாந்தையில் அடுக்கிக் கிடந்தன. இதற்கிடையிற் சுவிற்சர்லாந்திலிருக்கும் அவருடைய மகன் தந்தையை அழைத்து, "அப்பா, உண்மையைச் சொல்லுங்கோ" என்று கேட்டிருக்கின்றான். அக்கேள்வியை யானே அவன் வாயில் வைத்தேன்.

அவர் வீட்டுக்குப் போனேன். முகங் கொடுக்கமாட்டார் என்று எண்ணியிருந்தேன். அவரோ, வழமைபோலத் தேநீர் தரச் செய்தார். யான் மன்னிப்புக் கேட்டபோது நெடுநேரம் பேசாதிருந்து, "மச்சான், என்னட்டை ஒரு சொல் கேட்டிருக்கலாம். என்ரை வீடு உன்ரை வீட்டிலையிருந்து நாலாவது வீடெல்லோ" என்றார். அதற்கு மேல் ஒன்றுஞ் சொல்லவில்லை. கூரை வேலை முடிந்த அன்றே பொருளாளர் பதவியை விட்டுவிட்டார். முப்பது ஆண்டு தவறாது மாலையிற் சென்ற வாசிகசாலைக்கு அவர் பின்னர் சென்றதில்லை. யான் திருத்தம் ஒன்றை எழுதிப் பதிவிட்டேன். அதற்குப் பத்தொன்பது குறிகள். பழியைச் சுமந்து சென்ற தொண்ணூறு பேரில் நால்வரே திருத்தத்தையும் சுமந்தனர்.

வூட் அவர்களும் இருவரும் 2023 இல் வெளியிட்ட ஆய்வொன்று என்னைப் போன்றாருக்கு ஒரு கண்ணாடி. பொய்ச்செய்தி பரவுதலில் முப்பது முதல் நாற்பது வீதம், பகிரும் பழக்கம் மிக முற்றிய பதினைந்து வீதத்தினரால் நிகழ்ந்ததை அவர்கள் கண்டனர். அறியாமையும் கட்சிப்பற்றும் மட்டும் காரணமல்ல. பழகிய விரலும் ஒரு காரணம். எனினும், அதே ஆய்வு ஒரு நம்பிக்கையையும் தருகின்றது. மெய்யான செய்தியைப் பகிர்ந்தமைக்குப் பரிசில் கொடுத்துப் பழக்கியபோது, மெய்யைப் பகிரும் பழக்கம் உருவாயிற்று; பரிசிலை நிறுத்திய பின்பும் அது நின்றது. பழக்கம் என்பது பழியன்று. எதனாற் பழக்கப்படுகின்றோம் என்பதே கேள்வி.

இதனைப் படித்தபோது எமது தமிழாசிரியரை நினைந்தேன். அவர் கட்டுரைக் கொப்பியில் "நன்று" என்று எழுதுவது அரிது. சில தவணைகளில் ஒருவருக்குமே எழுதார். எப்போது கிடைக்கும் என்பது தெரியாமலே, அச்சொல்லுக்காக யாம் இரவிரவாக எழுதினோம். புறாவுக்கு மணி விழுந்தவாறே எமக்கும் அச்சொல் விழுந்தது. அங்கும் நிகழ்ந்தது பரிசிலாற் கற்றலே. ஆயின், அவர் "நன்று" என்றது எழுதிய செயலுக்கன்று, எழுத்தின் தரத்துக்கு. ஆதாரமின்றி ஒருவரைக் குறை கூறி எழுதினால் அவ்வரியின் கீழே சிவப்பு மையாற் கோடிட்டு, "நீ கண்டாயா?" என்று ஓரத்தில் எழுதுவார். அவர் பழக்கியது எமது சிந்தையை. தொலைபேசி பழக்கியது என் பெருவிரலை.

இப்போது யான் செய்வன சில. உறுதிமொழி எடுத்தேன் என்று பெருமை பேசமாட்டேன். உறுதி பலமுறை தோற்றது. ஆதலின் இடத்தை மாற்றினேன். தொலைபேசி தேநீர் மேசையில் இருப்பதில்லை. முன்னறை அலுமாரியினுள் இருக்கின்றது. எழுந்து சென்று எடுத்தல் வேண்டும். அவ்வெட்டுப் பத்து அடிகளுக்குள் பெரும்பாலும் விருப்பம் தணிந்துவிடுகின்றது. குறி விழுந்தமையை அறிவிக்கும் ஒலியை நிறுத்தியுள்ளேன். எழுத வேண்டியதை முதலில் ஒற்றை ரூல் கொப்பியிற் பேனாவால் எழுதி, மூன்றாம் நாள் மீண்டும் படிக்கின்றேன். அதில் ஒரு மனிதர் சம்பந்தப்பட்டிருப்பின், அவரை முதலில் அழைத்துக் கேட்கின்றேன். இம்முறையில், நாளுக்கு இரண்டாயிருந்த பதிவு மாதத்துக்கு ஒன்றாயிற்று. மாதத்துக்கு ஒன்றாயினும், அது யான் எழுதியது.

எமது சங்கத்துக்கும் ஒரு முகநூற் பக்கமும் வட்ஸ்அப் குழுவும் உள. அவற்றால் விளைந்த நன்மைகள் பல. மாணாக்கர்க்குப் புலமைப்பரிசிலும், நோயுற்ற நண்பர்க்கு உதவியும் அவ்வழியே திரண்டன. அங்கே உலவும் அன்பர்களிடம் ஒன்று மட்டும் வேண்டுகின்றேன். ஒருவரைப் பற்றிய செய்தி வந்தால், விரல் எழுமுன் எமது ஆசிரியரின் ஓரக்குறிப்பை நினையுங்கள்: நீ கண்டாயா?

என் நண்பர் இன்றும் நாலாவது வீட்டில் இருக்கின்றார். மாலை வேளைகளில் யான் அங்கே செல்லுகின்றேன். பழைய நட்பு முழுதும் மீண்டது என்று சொல்லேன். தேநீர் கிடைக்கின்றது, அது போதும். இக்கட்டுரையை மலர்க்குழுவினருக்கு அனுப்புமுன் அவரிடங் கொண்டு சென்று வாசித்துக் காட்டினேன். இறுதிவரை கேட்டிருந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மரத்தின் விலையை யான் ஓரிடத்திற் பிழையாக எழுதியிருப்பதைச் சுட்டிக் காட்டினார். அவ்வரியை நீக்கிவிட்டேன். "சரி, குடு" என்றார்.

— பழைய மாணவன் (1962–1970)